வண்டிக்கிட்ட வை

வாரத்தில் ஒரு நாள், விடுமுறை நாள் சாயங்காலம், அவள் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஃபோனை எஞ்சினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற பெண் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

"என்னக்கா, வண்டி யார்கூடப் பேசுது?"

"எங்க வீட்டுக்காரர்கூடத்தான். முதல்ல அதை விசாரிச்சிட்டு அப்புறம்தான் என்னை விசாரிப்பாரு."

சலித்துக்கொள்வது போலத்தான் சொன்னாள். ஆனால் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

புருஷன் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது வண்டியை அவளிடம் விட்டுப் போனான். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வீடு தேடிப்போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வண்டி இல்லையென்றால் அந்த வேலை இல்லை. வீட்டில் அவளையும் மாமனாரையும் தவிர வேறு யாரும் கிடையாது.

போன புதிதில் அவன் அவளுடைய ஒரு நாள் வேலையை ஃபோனிலேயே முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டான். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எங்கே நிறுத்துவாள், எவ்வளவு நேரம் நிற்பாள் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு, கடைசியில் உச்சுக்கொட்டினான்.

"வண்டியைக் கொல்றதுக்குன்னே ஒரு வேலை பாத்துக்கிட்டு இருக்கியேம்மா. தூரம் ஓடினா எஞ்சின் சாகாது. சூடு ஏறுறதுக்குள்ள நிறுத்துறே, ஆறினதும் மறுபடி கிளப்புறே, அதுலதான் தேயும். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்றதுக்கு நேரம் குடுக்க வேணாமா?"

"அப்ப என்ன, ரத்தம் எடுக்கிற வரைக்கும் வண்டியை உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கவா?"

அவன் சிரித்தான். அடுத்த வாரம், இந்தத் தெருமுனையில் நிறுத்திவிட்டு இத்தனை வீட்டை நடந்தே முடி, பிறகு அந்தத் தெரு, என்று அவளுடைய காலைப் பொழுதையே மாற்றிப் போட்டுக் கொடுத்தான். வண்டிக்கும் நல்லது, உன் இடுப்புக்கும் நல்லது என்றான். ஆயிலை எப்படிப் பார்ப்பது, ஏர் ஃபில்டரை எப்போது தட்டுவது, ஸ்டார்ட் செய்ததும் ஏன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கக் கூடாது, எல்லாம் பாடம் நடந்தது. "ஒழுங்கா பாத்துக்கிட்டா இந்த எஞ்சின் லட்சம் கிலோமீட்டரைச் சுலபமா தாண்டும். நான் வந்து இறங்கினதும் இதுலதான் ஊர் சுத்தப் போறோம்" என்றான்.

பாடம் நடத்தியதோடு விடவில்லை. வாரம் ஒருமுறை சத்தம் கேட்க வேண்டும். "வண்டிக்கிட்ட வை" என்பான். வைப்பாள். "கொஞ்சம் முறுக்கு... விடு... இன்னும் கொஞ்சம்... போதும். வலது பக்கம் கொண்டு போ" என்று, ஏதோ வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற டாக்டரைப் போல ஒவ்வொன்றாகச் சொல்வான். ஒருமுறை, எஞ்சின் மேல்பக்கம் வால்வைத் தட்டுகிற டேப்பட் லேசாக லூஸாகியிருக்கிறது, போய்க் காட்டு என்றான். அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கொண்டுபோய்க் காட்டினாள்.

காட்டிய இடம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற பட்டறை. அந்த மெக்கானிக்கை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கதவு திறக்கும்போது ஆரம்பித்த பேச்சு, பூட்டுகிற வரை நிற்காது. திறந்து பார்த்தார். அவன் சொன்னது சரிதான்.

"தங்கச்சி, மாப்பிள்ளைக்கு இருக்கிறது காதா, இல்ல ஸ்டெதஸ்கோப்பா? இங்க நான் வண்டி மேல படுத்துக் கேட்டாலும் சில சமயம் பிடிபட மாட்டேங்குது. அவர் அங்க இருந்து ஸ்பேனர் போடாத குறைதான்! வந்ததும் இந்தப் பட்டறையைக் குடுத்துட்டு நான் டீ வாங்கிக் குடுக்கிற வேலை பாத்துக்கிறேன்னு சொல்லு."

அன்று ராத்திரி இதை அவனிடம் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அது முதல் வருஷம்.

பிறகு எப்போது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சுருங்கியது. சாயங்காலம் வரவேண்டிய ஃபோன் இருட்டின பிறகு வரும். வேலை நெருக்கடி என்பான். அப்பாவிடம் கொடு என்று அவன் கேட்பது நின்றுபோனது. ஆனால் "வண்டிக்கிட்ட வை" மட்டும் நிற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவளும் நின்றாள். முறுக்கு, விடு என்பதெல்லாம் போய், வைத்த மாத்திரத்தில் "நல்லாதான் இருக்கு" என்று முடித்துக்கொண்டான். சரி, நாம்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோமே, சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மேட்டில் ஏறுகையில் அந்தச் சத்தம் கேட்டது. வண்டியின் அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி, டொக் டொக்கென்று. சமதரையில் குறைந்தது. மறுபடி மேடு வந்ததும் கேட்டது. வேலை முடிந்து நேரே ரேடியோவிடம் போனாள்.

அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"கீழ் பேரிங் போகுது தங்கச்சி. பிஸ்டனைப் பிடிச்சு ஆட்டுது பாரு ஒரு ராடு, அதோட கால்ல இருக்கிறது. இப்பவே பிரிச்சா அதோட போயிடும். இழுத்தடிச்சா மொத்தத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். விட்டுட்டுப் போ, நாளன்னிக்குத் தரேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேண்ணே."

"தாராளமா கேளு. பெரிய டாக்டர்கிட்ட கேக்காம கம்பவுண்டர் கத்தி வைக்கலாமா?"

அந்த வாரம் அவன் அழைத்தபோது அவள் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. அவனே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தாள். கண்டுபிடித்ததும், என்னம்மா இது, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று பதறுவான். அந்தப் பதற்றத்தைக் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து, அவளே நன்றாக முறுக்கி, ஃபோனை எஞ்சினை ஒட்டியே பிடித்தாள். டொக் டொக்கென்று எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"நல்லாதான் இருக்கு" என்றான்.

"நல்லா கேட்டீங்களா? ஏதோ அடிக்கிற மாதிரி இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இவ்வளவு ஓடின வண்டி, அப்படித்தான் இருக்கும். வச்சிடவா?"

மறுநாள் ரேடியோவிடம் போய், ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டார் என்றாள். ரேடியோ காதைக் குடைந்துகொண்டு ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "மாப்பிள்ளை சொன்னா சரிதான். மேடு ஏறுறப்ப பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

ஃபோன் பழசு, அதனால் சத்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஒரு சமாதானம் செய்துகொண்டாள். அடுத்த வாரம் எதிர் வீட்டுப் பெண்ணிடம் புது ஃபோனைக் கேட்டு வாங்கி அதிலிருந்து அழைத்தாள். அப்போதும் அதே பதில்தான். துறைமுகம், இரைச்சல், பாவம் காது மந்தமாகியிருக்கும் என்று இன்னொரு சமாதானம். வண்டி கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அப்படி ஒப்புக்கொண்டால், அவன் கேட்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அது மட்டும் அவளால் முடியவில்லை. ஆகவே மேடு உள்ள தெருக்களைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆயிலை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தாள். சத்தம் சமதரையிலும் கேட்க ஆரம்பித்தது. தெருவில் போகிற பையன்கள், "அக்கா, உள்ள யாரோ கதவைத் தட்டுறாங்க, திறந்து விடுங்க" என்று கத்தினார்கள். கேட்காத மாதிரி போனாள்.

விடுமுறை நாளானாலும் அவளுக்குக் காலை வேலை உண்டு. அப்படி ஒரு நாள் காலையில், ஐஸ் பெட்டி நிறைந்து திரும்பி வரும்போது, பெரிய சாலை நடுவில் ஏதோ முறிகிற ஓசை வந்து பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி இழுத்துக்கொண்டே போய்ச் சரிந்தது. முழங்கை சிராய்ந்ததோடு தப்பினாள். பெட்டியில் ஒன்றும் உடையவில்லை. ஓர் ஆட்டோவில் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டு, நகர மறுத்த வண்டியைக் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பட்டறை வரை தள்ளிக்கொண்டு போனாள்.

நிலையத்தில் காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் பட்டறைக்குப் போய்ப் பார்த்தபோது ரேடியோ எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். சிலிண்டர் தனியாகத் தரையில் கிடந்தது. பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் கீறின மாதிரி கோடு கோடாகக் காயம். ராடு முறிந்து இரண்டாகக் கிடந்தது.

"கிராங்க் உள்பட எல்லாம் போச்சு தங்கச்சி. ஆயில் கறுப்பா இல்ல, ஏர் ஃபில்டர் சுத்தமா இருக்கு. குழந்தை மாதிரிதான் பாத்திருக்கே. இவ்வளவு நல்லா பாத்த வண்டி இப்படிப் போறது எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு. ஆனா ஒண்ணு, இந்தச் சத்தத்தைக் கேட்ட எவனும் ஓட்டுன்னு சொல்ல மாட்டான். மாப்பிள்ளை எப்படித்தான்..."

அப்போது ஃபோன் அடித்தது. ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டு, "நானே சொல்லட்டுமா?" என்று சைகை செய்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எடுத்தாள். விழுந்தது, முழங்கை, வண்டி, எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள்.

"ஏங்க, இன்னைக்கு..."

"இரு, கொஞ்சம் அவசரம். முதல்ல வண்டிக்கிட்ட வை."

ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, குனிந்து, வாய் பிளந்து கிடந்த எஞ்சினுக்கு மேலே ஃபோனைப் பிடித்தாள். பட்டறைக்குள் ஓர் ஓசை இல்லை. சுவர்க் கடிகாரம் கூட நின்றுபோய்க் கிடக்கிற இடம் அது. ரேடியோ மூச்சைக்கூட விடவில்லை. வழக்கமாகக் காத்திருக்கிற அளவுக்குக் காத்திருந்தாள்.

"நல்லாதான் ஓடுது" என்றான் அவன். "ஆயிலை மட்டும் மறக்காம மாத்திடு."

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை எடுத்து மறுபடி அதே இடத்தில் மாட்ட ஆரம்பித்தார்.

அவள் ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் யாரிடமோ, இதோ வந்துவிட்டேன் என்று மெல்லிய குரலில் சொல்வதும், அதற்கு யாரோ சிரிப்பதும் கேட்டது. எஞ்சின் சத்தம் இல்லாததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள்.

"ம்? என்னம்மா?"

"ஊருக்கு. எப்ப வர்றீங்கன்னு கேட்டேன்."

"பாக்கலாம், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. லைன் விட்டு விட்டு வருது. வச்சிடவா?" என்றான்.

"வச்சிடுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

ரேடியோ திரும்பினார். "பழைய வண்டி ஒண்ணு சும்மா நிக்குது தங்கச்சி. நாளைக்கு வேலைக்கு அதை எடுத்துக்கோ. இதை என்ன பண்றது? முழுசா புதுசு போட்டுக் கட்டலாம். இல்லன்னா அப்படியே குடுத்துடலாம். அவர்கிட்ட..." என்று தொடங்கி, அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"கட்டுங்கண்ணே" என்றாள். "வேலைக்கு வேணும்."

இரவல் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமனார் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவளுடைய முழங்கையைப் பார்த்தார், வேறு வண்டியைப் பார்த்தார். விழுந்ததையும் எஞ்சின் போனதையும் மட்டும் அவரிடம் சொன்னாள்.

"அடடா. மருந்து போட்டியாம்மா?"

"போட்டேன் மாமா."

"அவன் ஃபோன் பண்ணியிருப்பானே இன்னைக்கு. சொன்னியா?"

"இல்ல மாமா. சொல்லலை."

பெரியவர் தலையை ஆட்டினார். "நல்ல வேலை பண்ணே. அவ்வளவு தூரத்துல இருக்கிறவன், நீ விழுந்தேன்னு கேட்டா பதறிடுவான்."

அவள் காலி ஐஸ் பெட்டியைக் கழுவுவதற்காகக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

"ஆமா மாமா, பதறிடுவாரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.