கஞ்சாக் கொட்டிலில் விளக்கு வைத்த கதை

நிலாவெளியில் அரசாங்க அனுமதியோடு மருந்துக்குக் கஞ்சா வளர்க்கிற பண்ணையில் நான்தான் மேற்பார்வை. சும்மா இளிக்கவேண்டாம், பெரிய கரைச்சல் பிடித்த வேலை. பெண் செடியின் பூவில்தான் மருந்து. ஓர் ஆண் செடி தப்பினாலும் மகரந்தம் பரவிப் பூவெல்லாம் விதையாகிக் கெட்டுப்போகும். அதனால் ஆண் செடிகளையெல்லாம் பிடுங்கிவிடுவோம். பூக்கிற காலத்தில் பின்னேரம் தொடங்கி விடியும்வரை கொட்டிலுக்குள் கும்மிருட்டாக இருக்கவேண்டும்.

அப்படியிருந்தும் இந்த முறை பூவைப் பிய்த்தால் விதை. முதலாளி ஸெய்னுதீன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆண் செடியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர் என்று கேட்டார். நாளைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை இல்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செடி செடியாகக் கிளறிப் பார்த்தேன். அட கோதாரி, பெண் பூவுக்குள்ளேயே குட்டிக் கதலிப்பழம் மாதிரி மஞ்சளாக ஆண் உறுப்பு! இருட்டில் வெளிச்சம் பட்டால் பெண் செடி பதறிப்போய்த் தானே ஆணுமாகிவிடும்.

யார் வெளிச்சம் போட்டது? கொட்டில் கூட்டுகிற, சல்லி ஊர்த் தங்கரத்தினம் அக்காவைக் கேட்டேன். பொழுதுபட்ட பிறகு உயிருள்ளது இருக்கிற இடத்தை இருட்டாக விடக்கூடாதாம். நாள்தோறும் விளக்கு வைத்திருக்கிறார். விளக்கு வைக்க இடம் தெரியவேண்டுமே என்று லைட் முழுவதையும் வேறு போட்டிருக்கிறார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் துள்ளி எழும்பினார். தாயும் தகப்பனும் ஒரே பெண் செடியென்றால் விதையும் பெண்ணாகத்தான் முளைக்கும், இனி ஆண் பிடுங்குகிற வேலையே இராது என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அடுத்த கொட்டிலிலும் இன்றைக்கே விளக்கு எரியவேண்டும், எரிந்தால்தான் எனக்கு வேலை என்றார்.

ஓடிப்போய், விதை பிடித்ததையும் முதலாளி விளக்குக் கேட்டதையும் சொன்னேன். அக்கா அசையவில்லை.

"விதை பிடிச்சால் பண்ணை முழுக்கப் பிள்ளை பிறந்த வீடுதான் தம்பி. துடக்குக் கழியுமட்டும் விளக்கு வைக்க ஏலாது."

நானே சுவிட்சைப் போடப் போனேன். கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலை மறித்தார். அந்தத் தீட்டு எனக்கும் உண்டாம், அம்மன் கோயில் பக்கமும் போகவேண்டாமாம். என் வேலை போகப்போகிறது என்று கெஞ்சினேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பிறந்தது என்ன பிள்ளை என்று கேட்டார்.

"எல்லாம் பொம்பிளைப் பிள்ளையள், அக்கா."

தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தபடி வாசலிலேயே குந்திவிட்டார்.

"ஐயோ, இவ்வளவு குமரையும் ஆர் தம்பி கரைசேர்க்கிறது? அதுக்குள்ள இன்னும் வேணுமாமோ உங்கட முதலாளிக்கு?"