காற்றில் ஓடிய கட்டர்

நல்லுசாமி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எண்பத்தாறில், ஈப்போவில் ஒரு சீனர் கடையிலிருந்து சின்ன மில்லிங் மிஷின் ஒன்றை லோரியில் ஏற்றி, ரிங்லெட்டுக்கு மேலே, மலைத் தோட்டத்தில் இருந்த தன் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கம்ப்யூட்டரில் கணக்கைப் போட்டுக் கொடுத்தால் அது தானாகவே மரத்தில் எழுத்தைச் செதுக்கும். ஆனால் பாழாய்ப்போன திருகு ஒன்றில் ஆட்டம். வளைவு வருகிற இடமெல்லாம் செதுக்குகிற முனை, அந்தக் கட்டர், துள்ளி, எழுத்தில் படிக்கட்டுபோல் சின்னப் படி விழுந்தது. பலகைதான் வீணாகிறதென்று, கட்டையே வைக்காமல் வெறும் காற்றில் ஓட்டிப் பழகினான்.

மனைவி ஜெயாவுக்கு நிறைமாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. பிறக்குமுன் தொட்டில் வாங்கக் கூடாது, பேர் வைக்கக் கூடாது என்று பயந்து பயந்து நாளைத் தள்ளினாள். இவனுக்கோ பெண்தான் என்று நிச்சயம்; செத்துப்போன தன் அம்மாவின் பேரைத் தொட்டிலில் செதுக்கியே தீரவேண்டும். பாஞ்சாலை. ஜெயா வேண்டாமென்று கெஞ்சினாள்.

“சும்மா காத்துலதான் ஓட்டுறேன் லா. கட்டையே இல்ல,” என்றான். சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

அன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. வெளித் திண்ணையில் மிஷின் அந்தப் பேரை ஓட்டியது. காற்றில் ஓடினால் கீச்சென்று மெலிந்த சத்தம் வரும். இன்று எதையோ கடித்ததுபோல் சத்தம் கனத்தது. குனிந்து பார்த்தான், கட்டருக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மூன்றாம் எழுத்து முடியும்போது உள்ளே ஜெயா அலறினாள். வயரைப் பிடுங்கினான். மிஷின் நின்றது, அவள் அலறலும் அந்தக் கணமே நின்றது. கட்டரைத் தொட்டான். ஈரமாக இருந்தது.

அந்த வாரமே பெண் பிறந்தது. நல்ல ஆரோக்கியம். முதுகில் மச்சம் இருக்கிறது என்று குளிப்பாட்டிய நர்ஸ் சொன்னாள். நல்லுசாமி பார்த்தான். மெல்லிய சிவப்புக் கோடுகள். பா, ஞ், சா. ஒவ்வொரு வளைவிலும் சின்னப் படி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மிஷினைக் கழற்றப் போனான். திருகை ஒரு மயிரிழை நகர்த்தினான். உள்ளே குழந்தை வீரிட்டது. பழையபடி திருப்பினான், அடங்கியது. ஜெயா பிள்ளையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“இனிமே அதத் தொடாதீங்க,” என்றாள்.

தொடாமல் எப்படி? மேட்டில் லோரி ஏறினால் லைன் வீடே அதிரும். அந்தச் சத்தம் கேட்டதுமே, சாப்பிட்ட கையோடு ஓடி, ஆடுகிற அந்தத் திருகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.