மாடிக் கொடியில் ஒரு நீலச் சட்டை

"கையெழுத்துதானே, போட்டா போச்சு," என்று படிவத்தை வாங்கித் தையல் மெஷின்மேல் வைத்தாள் தையல்காரி. நாலாவது வரியில் விரல் நின்றது. "‘தனியாக வசிக்கிறார்.’ இது என்ன?"

"ஆமாம் அக்கா. நான் தனியாகத்தான் இருக்கிறேன்," என்றாள் மாடிக்காரி.

வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வருஷமாக மேல்வீட்டில் இருப்பவள். இன்னும் தங்க அனுமதி வேண்டுமென்றால், அவளை நன்றாகத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். இன்றுதான் கடைசி நாள்.

"அப்போ சனிக்கிழமையானா கொடியில காயுதே நீலச் சட்டை, அது யாருது?"

பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையல்காரியின் நாத்தனார் ஊசியை நிறுத்தினாள். "அப்பாடா, கேட்டுட்டீங்களா அண்ணி! ஒரு வருஷமா எனக்கு மண்டை காயுது."

"அது... யாருடையதும் இல்லை."

"யாருதும் இல்லாத சட்டை தானா நனைஞ்சு தானா காயுதாக்கும்! பொய்க்குக் கையெழுத்து கேட்டா நான் போட மாட்டேன், ஆமா."

மாடிக்காரியின் முகம் சிவந்துவிட்டது. "கிளம்பும்போது என் அம்மா வாங்கிக் கொடுத்தார். தனியாக இருக்கிற பெண் கொடியில் ஓர் ஆண் சட்டை போட வேண்டுமாம். திருடன் பயப்படுவானாம்."

"சரி, அதைத் துவைப்பானேன்?"

"எப்போதும் கொடியிலேயே கிடந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே!"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரி சிரிக்கவில்லை. "அந்தச் சட்டையைக் கொண்டா, பார்ப்போம்."

மாடிக்காரி ஓடிப்போய் எடுத்து வந்தாள். தையல்காரி அதை உள்பக்கம் திருப்பினாள். காலரை வெளிச்சத்தில் பிடித்தாள். அக்குளைப் பார்த்தாள், முழங்கையைத் தடவினாள்.

"வேர்வைக் கறை இல்ல. காலர் தேயல. முழங்கையில சுருக்கமே விழல. இதுக்குள்ள ஒரு உடம்பும் போனதில்ல." இப்போதுதான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி பைத்தியமே, சட்டைன்னு ஒண்ணு காயப்போட்டா, கூட ஒரு பேன்ட் வேண்டாமா?"

"பேன்ட்டே கிடையாது, அதனாலதான் அந்த மனுஷன் வெளியவே தலைகாட்டலைன்னு நான் நினைச்சேன்!" என்றாள் நாத்தனார்.

மாடிக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தெருவில் தன்னை ஒருவரும் கவனிப்பதில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

தையல்காரி மறுபடி படிவத்தை எடுத்தாள். "இங்க ஒரு கட்டம் இருக்கே, ‘எவ்வளவு காலமாகத் தெரியும்’னு. என்ன எழுத?"

"உண்மையைச் சொன்னால்... கால் மணி நேரம்," என்றாள் மாடிக்காரி மெதுவாக.

"ஒரு வருஷம்னு போடுங்க அண்ணி. இவளைப் பத்தி நாம பேசாத நாள் உண்டா?"

தையல்காரி எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். "மணி மூணு. ஓடு, ஓடு. வந்ததும் நேரா இங்க வா. உங்கம்மா இன்னும் என்னென்ன சொல்லி அனுப்பினாங்கன்னு கேக்கணும்."