நாத்தச்செடிக்கு ஒரு பேர்

"சுத்தமாத்தான இருக்கற?"

கண்ணாடிக் கொட்டாயின் வாசலை மறித்துக்கொண்டு நின்ற பச்சையம்மாள் இதை அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. புடவைக் கொசுவத்தைப் பார்த்துக் கேட்டாள். சமையல்காரியான அவளுக்கு முதலாளி கொடுத்திருந்த கூடுதல் வேலை இது. வீட்டுக்குத் தூரமான பெண் தொட்டால், ஏன், எட்டிப் பார்த்தாலே பூச்செடி பட்டுப்போகும் என்பது முதலாளி சபாநாயகத்தின் நம்பிக்கை. அந்த நாட்களில் தோட்டத்துப் பெண்களுக்கு மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் தகரம் அடித்த மறைவு ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து தொட்டிக்கு மண் சலிக்கலாம். மண்ணுக்குத் தீட்டு இல்லையாம்.

"இன்னாமே, காது கேக்கலியா? மெட்ராஸ்காரரு பூவப் பாக்க வந்துக்கினே கீறாரு. எதுனா ஒண்ணுன்னா எந்தலதான் உருளும்."

"உருள்றதுக்கு அது இன்னா பூசணிக்காயா? தள்ளிக்கக்கா."

"வாயி, வாயி. இந்த வாய வெச்சிக்கினுதான் உனுக்கு ஒரு மாப்ளயும் தெகைய மாட்டேங்குறான்."

அஞ்சலாட்சி அவளை இடித்துக்கொண்டே உள்ளே போனாள். தினமும் காலையில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அடிவயிற்றிலிருந்து ஓங்கரிப்பு மாதிரி ஒன்று கிளம்பும். இரண்டு வருடமாகியும் அது பழகவில்லை. பழகிவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

சபாநாயகத்துக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம் நிலமும் அரிசி மில்லும் இருந்தன. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பூப் பைத்தியம் பிடித்து, கரியாலூரில் மலைக்காரர்களிடம் அடிமாட்டு விலைக்கு நிலம் வாங்கி, கண்ணாடி வீடு கட்டி, பெங்களூரிலிருந்து ஜெரேனியம் செடிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பார்க்க லட்சணமான பூ. இலையைக் கசக்கினால் மட்டும் பச்சிலையும் சிக்குப் பிடித்த எண்ணெயும் கலந்தது மாதிரி ஒரு வாடை அடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது விரலிலிருந்து எழுந்து வரும். வேலைக்காரர்கள் அதற்கு நாத்தச்செடி என்று பேர் வைத்திருந்தார்கள்.

யாரிடமும் இல்லாத புது ரகம் ஒன்று தன் தோட்டத்தில் பிறக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. செடி படித்த ஆள் தேடினார். கச்சிராயபாளையத்தில் குத்தகை நிலத்தில் கரும்பு போடும் இருசப்பனின் மகள் தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல் கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கூப்பிட்டு அனுப்பினார். "ஒங்கையால ஒரு புது ரகம் வந்தா நீயே பேரு வெச்சிக்கம்மா. ஒம் பேரக்கூட வையி, யாரு கேக்கறாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மலையேறினாள். அவள் வீட்டில் யாருடைய பேரும் எதன்மேலும் ஒழுங்காக எழுதப்பட்டதில்லை. அப்பா உழுகிற நிலத்தின் பட்டாவில் வேறு யாரோ இருந்தார். அம்மாவின் பேர் ரேஷன் கார்டில்கூடத் தப்பாக இருந்தது.

ஜெரேனியம் பூ அவசரப்படாத பூ. முதலில் மகரந்தப் பைகள் உடைந்து தூளைக் கொட்டும். தூளை வாங்கிக்கொள்ள வேண்டிய சூல்முடி அப்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கும். தூளெல்லாம் தீர்ந்த பிறகு அது மெல்ல ஐந்து விரலாகப் பிரிந்து பின்னால் சுருளும். அந்த விரல்கள் ஈரமாகப் பளபளக்கும்போதே வேறு செடியின் தூளை எடுத்துத் தொட்டு வைத்துவிட வேண்டும். சொந்தத் தூள் விழுந்துவிடாமல் இருக்க, தாய்ப்பூவின் பைகளை முன்னாலேயே இடுக்கியால் கிள்ளி எறிந்திருக்க வேண்டும். விரல்கள் ஒரு தரம் காய்ந்தால் அவ்வளவுதான். இதனாலேயே எத்தனையோ பூக்கள் வீணாய்ப் போயின. அவள் தகர மறைவில் மண் சலித்துக்கொண்டிருக்கும்போது இங்கே விரல்கள் விரிந்து, யாருக்காகவோ காத்திருந்து, சுருங்கிக் கறுத்துவிடும்.

போன வருடம் அபூர்வமாகப் பூக்கும் ஒரு சிவப்புச் செடி ஒரே ஒரு கொத்து விட்டது. அதன் சூல்முடி விரிந்த அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது. "சுத்தமாத்தான் கீறேன்" என்று பச்சையம்மாளின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளைச் செடியின் தூளைத் தூரிகையில் எடுத்து ஒவ்வொரு பூவாக வைத்தாள். பிறகு கொக்கு மூக்கு மாதிரி காய்கள் நீண்டன. விதைகள் பறந்துவிடாமல் மல்துணியால் கட்டி வைத்தாள். முளைத்த நாற்றுகளில் ஒன்றே ஒன்று இப்படிப் பூத்தது. இதழின் உட்புறம் வெற்றிலை போட்ட வாயைப் போல அடர்ந்த சிவப்பு, ஓரம் முழுக்கச் சுண்ணாம்பால் கோடு இழுத்தது மாதிரி வெள்ளை. அவள் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பூ இல்லை.

அந்தப் பூவைப் பார்த்துக் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளத்தான் மெட்ராஸில் பூ வளர்ப்போர் சங்கம் ஒன்றின் தலைவரான மகாதேவன் வந்திருந்தார். வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு அடிவாரத்து ஊர்க்காரர்கள் நடத்திய ஒரு வார மறியல். கீழே ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது. ஒரு பூவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவர் மூன்று வேளையும் சபாநாயகத்தின் மேசையில் உட்கார்ந்து, விரலிடுக்கில் நெய் வழியத் தின்றுவிட்டு, அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல நாள் பார்த்துத்தான் பூவைக் காட்டுவேன் என்றிருந்த சபாநாயகம் இப்போது அவரைக் கண்ணாடிக் கொட்டாய்க்குள் கூட்டி வந்தார். பின்னால் தோட்டக்காரன் பாவாடை ஒரு தாம்பாளத்தில் கற்பூரமும் தேங்காயும் ஏந்தி வந்தான். பச்சையம்மாள் வாசலில் நின்றாள்.

"மரத்த வெட்டிப் போட்டா உத்தியோகம் குடுத்துடுவாங்களா சார்? காட்டுப் பசங்க" என்றார் சபாநாயகம். வாய் நிறைய வெற்றிலை. பேச்சோடு சிவப்பாய் ஒரு துளி தெறித்து இலைமேல் விழுந்தது.

"குடுத்துடுவான் சார். அதான் பயமே. நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல யார் கையில கத்தி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. தரம்னு ஒண்ணு வேணாமா?"

"வெத நல்லா இருந்தாத்தான சார் செடி!" சபாநாயகம் சிரித்தார். பிறகு, தொட்டியை நகர்த்திக் காட்டுவது மாதிரி அஞ்சலாட்சியின் பக்கம் கையை நீட்டினார். "இவ நம்ம பொண்ணு. கீழ ரோட்ல நிக்கறானுங்களே, அவங்க ஆளுங்கதான். ஆனா டிகிரி முடிச்சிருக்கு. கை சுத்தம்."

"அப்படியா? பாத்தா தெரியல" என்றார் மகாதேவன். பாராட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் பூங்கொத்தின் மோவாயை நிமிர்த்திப் பார்த்தார். "அடடா... ஃபர்ஸ்ட் கிளாஸ். பேர் என்ன வெச்சிருக்கீங்க?"

பாவாடை தாம்பாளத்தின் அடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துத் தொட்டியில் சொருகினான். பச்சைப் பெயிண்டில் 'தையல்நாயகி' என்றும், கீழே 'உருவாக்கம்: சபாநாயகம்' என்றும் எழுதியிருந்தது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. எழுதி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"ஐயா, பேரு நான் வெக்கறதுன்னு சொன்னீங்க."

"சொன்னேந்தான். செத்துப்போன எங்கம்மா கனவுல வந்து எம் பேர வையின்னு நின்னுட்டாங்களே, நான் இன்னா செய்ய? ஒன் கண்ணாலத்துக்குப் பட்டுப்புடவ ஒண்ணு எடுத்துத் தர்றேன், போ."

"உதவின்னு கீழ சின்னதா போட்டுடலாம் சார். பாவம்" என்றார் மகாதேவன்.

சபாநாயகம் கற்பூரத்தை ஏற்றினார். கண்ணில் நிஜமாகவே நீர் கோத்தது. "எங்கம்மா ஆச்சாரம் அப்படி இப்படி இல்ல சார். தூரமானவ நெழல் பட்டாக்கூடத் தலைமுழுகுவாங்க. அந்தச் சுத்தந்தான் இன்னிக்கு இப்பிடிப் பூவாப் பூத்திருக்கு."

சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு எடுக்கவில்லை. வாந்தி வரும்போது யாரும் முடிவு எடுப்பதில்லை.

"நான் தூரமா இருந்த அன்னிக்குத்தான் இதுக்குத் தூள் வெச்சேன்."

அவள் தன் காலடித் தரையைக் காட்டினாள்.

"மொத நாளு. துணி கட்டிக்கினு, இதோ இதே எடத்துல நின்னுக்கினு வெச்சேன். பட்டுப்பூடுச்சா? நல்லாப் பாருங்க, எப்பிடிப் பூத்துக்கினு கீதுன்னு."

மகாதேவனின் விரல் பூவை விட்டு வெடுக்கென்று விலகியது. கைக்குட்டையை எடுத்து அந்த விரலை மட்டும் துடைத்தார். பிறகு அந்தக் கைக்குட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சபாநாயகத்தின் கடைவாயிலிருந்து வெற்றிலைச் சாறு மோவாய்க்கு இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

"அடி பாவி, எங்கிட்ட சுத்தம்னு சொன்னியேடி!" பச்சையம்மாள் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

தூக்கி எறியச் சொல்வார் என்றுதான் அஞ்சலாட்சி நினைத்தாள். எறிந்தால் எருக்குழியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் அவர் அதற்கும் மேலான ஆள். தாயின் பேர் எழுதிய தகட்டையும் பார்த்தார், பூவையும் பார்த்தார். இரண்டையும் விட மனசு வரவில்லை.

"செடி இன்னா பண்ணும், பாவம்? டேய் பாவாடை, பசு இப்ப வுட்ட கோமியம் இருக்கும். அப்பிடியே ஒரு வாளி கொண்டா."

"கரெக்ட் சார். பரிகாரம்னு ஒண்ணு இருக்கே" என்று மகாதேவன் பெருமூச்சு விட்டார்.

வாளி வந்தது. நுரை அடங்கவில்லை. கண்ணாடிக்குள் அடைபட்ட சூட்டில் அந்த நெடி கண்ணைக் கரித்தது. அஞ்சலாட்சிக்குத் தெரியும். அவள் அப்பாவும் பயிருக்கு விடுவார்தான், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து. இந்தச் சின்னத் தொட்டிக்குப் பச்சையாக ஊற்றினால் வேர் வெந்துவிடும். அவர்கள்மேல் இருந்த அருவருப்பையெல்லாம் தாண்டி, அந்தச் செடிக்காக வாய் திறந்தாள்.

"ஐயா, அப்பிடியே ஊத்தாதீங்க. கருகிப்பூடும். தண்ணி கலந்து..."

"தண்ணி கலந்தா தீட்டுப் போவுமா? மூட்ரீ வாய!"

முதல் செம்பைச் சபாநாயகமே பூவின் தலையில் ஊற்றினார். வெள்ளை ஓரங்களில் மஞ்சள் சொட்டுகள் திரண்டு தொங்கின. அடுத்த செம்பு வேரில். அடுத்தது இலைகளில். பாவாடை மேசை, தரை, தூரிகை வைக்கிற டப்பா எல்லாவற்றிலும் தெளித்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் தாங்களும் இவ்வளவு நேரம் அங்கேயே நின்றது அவர்களுக்கு உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிணற்றடிக்கு விரைந்தார்கள். மகாதேவன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தரையில் எங்கேயும் படாதவர் போல நுனிக்காலில் தாண்டித் தாண்டிப் போனார். பச்சையம்மாளும் வெந்நீர் வைக்க ஓடினாள். அவர்கள் எல்லாரும் தலைமுழுகிவிட்டு வருகிற வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அஞ்சலாட்சி தொட்டியைத் திருப்பினாள். மேல் கிளைகள் நனைந்து தொங்கின. பின்னால், சுவர்ப் பக்கமாக வளைந்திருந்த ஒரே ஒரு கிளையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. கணுவுக்குக் கீழே ஒடித்தாள். தகட்டைத் தொடவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், கருகப்போகிற செடிக்கு அந்தப் பேரே இருக்கட்டும் என்று தோன்றியது. மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஓடவில்லை. மலைப்பாதை முழுக்க நடந்து, அடிவாரத்துக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

அணைக்குப் போகிற ரோட்டை மறித்து ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மறைவில் கல் கூட்டி, அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. கையில் கோடாலியோடு ஒருவன் எழுந்து வந்தான்.

"நில்லு. எந்த ஊரு? எந்த ஆளுங்க?"

அஞ்சலாட்சி நின்றாள். காலையில் ஒரு கேள்வி, மாலையில் ஒரு கேள்வி.

"டேய், டேய், வுட்ரா!" அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த செல்லமுத்து ஓடி வந்தான். அவள் தெருக்காரன், அண்ணன் முறை. "நம்ம இருசப்பன் மவடா. டிகிரி படிச்சது. நம்ம பொண்ணு."

அதே வார்த்தை. மறியல் செய்து அவர்கள் கேட்பது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். கல்லூரியில் அவள் வகுப்பில் அவள் தெருவிலிருந்து வந்தவர்கள் யார் என்று எண்ண ஒரு விரல் போதும். இருந்தும் அந்த வார்த்தை உடம்பில் எச்சில் மாதிரி வந்து ஒட்டியது.

"நல்ல நேரத்துல வந்தம்மா. நாளைக்குக் கூட்டத்துல ஒன்ன மேடையில நிக்க வெக்கறோம். பாருங்கடா எங்க பொண்ணுன்னு காட்றோம்."

"நிக்க மட்டுந்தானா? பேச வுடுவீங்களா?"

"நீ எதுக்குப் பேசணும்? அதுக்குத் தலைவருங்க கீறாங்கல்ல." செல்லமுத்து மூக்கைச் சுருக்கினான். "கையில இன்னாது அது, இந்த நாத்தம் நாறுது?"

"செடி."

"பேரு இன்னா?"

"அஞ்சலாட்சி."

அவன் சிரித்தான். "ஒம் பேரு எனக்குத் தெரியாதா? செடி பேரச் சொல்லுமே."

"அதத்தாண்ணா சொன்னேன்."

அவனுக்கு விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிப் போனான். அஞ்சலாட்சி சாய்ந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஒடித்த கிளையின் வெட்டுவாய் வெயிலில் காய்ந்து கட்டிப்போயிருந்தது. அது நல்லதுதான், ஈரத்தோடு நட்டால் அழுகும். அடுப்புப் புகை முகத்தில் வந்து மோதியது. காலையில் வெட்டிய மரம் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடிமரத்தில் கோடாலி கொத்திய இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது. அவளைச் சுற்றிலும் தரையோடு கிடந்த கிளைகளில், வெளிச்சம் குறையக் குறைய, புளிய இலைகள் வழக்கம்போல ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டிருந்தன.