ந்த்லோவு வீட்டுத் தாம்பூலம்

தாம்பூலத் தட்டைக் கையில் எடுக்கும்போதே, மாற்றாமல் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்தேன். தைலம்மாள் மரியாதை தெரியாதவள் என்று நாளைக்கு ஒருத்தி பேசிவிடக் கூடாது, பாருங்கள். பழத்தைக்கூட நல்லதாகப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்குத் திரும்பியதும் நாங்களே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

என் மகன் சபாபதி மரமில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவன். அதே மில்லில் பாய்லருக்கு மரத்தூள் அள்ளிப் போடுகிற சாமுவேலின் மகள் நீலாம்பாளைத்தான் கட்டுவேன் என்று நான்கு மாதமாக ஒற்றைக்காலில் நின்றான். சோறு வைத்தால் சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான், ஆனால் முகம் மட்டும் வேறு யாருடைய வீட்டிலோ இருந்தது. சாமுவேல் ஆப்பிரிக்காக்காரர். அவர் மனைவி ரத்தினம்மாள் நம் ஆள்தான், ஆப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே சேர்ந்தவர்கள், மதராசுக்கு வந்து வாடகைக்கு வீடு தருவாரில்லாமல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள் என்று கேள்வி. ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நான் வடை சுட்டு விற்கும் இந்தப் பத்து வருஷமும் அவர் தினம் நான்கு வடை வாங்கியிருக்கிறார். ஒரு நாள்கூட நான் அவரைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. துறையில் எல்லோரும் 'காப்பிரி' என்பார்கள், நானும் அதையேதான் சொன்னேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மில் யானைகள் மரம் இழுத்துப் போகும்போது அவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவார். தொப்பியைக் கழற்றி, கடைசி யானை போகும்வரை நிற்பார். வாயில் வடை இருந்தால் மெல்ல மாட்டார். "காப்பிரிக்குப் பிள்ளையார் பக்தி முத்திப்போச்சு" என்று நான்தான் முதலில் சொன்னேன். துறை முழுக்கச் சிரித்தது.

இந்தச் சம்பந்தம் நடந்தால் ஊருக்குப் போகிற அடுத்த கப்பலில் முதல் மூட்டையாக ஏறுவது அந்தச் செய்தியாகத்தான் இருக்கும். நேராக வேண்டாம் என்றால் மகன் கோபித்துக்கொண்டு போய்விடுவான். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும் முன் இரண்டு வீட்டாரும் மூன்று தலைமுறைப் பேர் சொல்ல வேண்டும். இன்னார் கொள்ளுப்பேத்தி, இன்னார் பேத்தி, இன்னார் மகள் என்று. ரங்கூனில் அதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டதை நான் தூசி தட்டி எடுத்தேன். சாமுவேல் என்பது தோட்டத்துப் பாதிரி வைத்த பேர் என்று ரத்தினம்மாளே சொல்லியிருக்கிறாள். அதற்கு மேலே என்ன இருக்கப்போகிறது? சொல்லத் தெரியாமல் விழிப்பார், வழக்கம் தப்புகிறதே என்று நான் வருத்தப்படுவேன், தட்டோடு எழுந்து வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான், என் அண்ணன் அப்பாசாமி, சபாபதி மூன்று பேரும் போனோம். ஆற்றுக்குப் போகும் சேற்றுச் சந்தில் மரத்தூண் ஊன்றி நிற்கிற பலகை வீடு. ரத்தினம்மாள் பாய் விரித்துத் தேநீர் கொடுத்தாள். நீலாம்பாள் பர்மியப் பெண்கள் மாதிரி கன்னத்தில் தனக்காச் சந்தனம் பூசி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து கும்பிட்டாள். அப்பாவின் நெற்றி, அம்மாவின் கண். பெண் நன்றாகத்தான் இருந்தாள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் சொல்லிக்கொடுத்ததை அண்ணன் அப்படியே ஒப்பித்தான். "தட்டு மாத்துறதுக்கு முன்னாடி பொண்ணு பக்கத்துல மூணு தலமொறப் பேரு சொல்லணுங்க. எங்க வழக்கம்."

சாமுவேல் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "மூணு போதுமா, தங்கச்சி?"

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

"ந்த்லோவு" என்றார்.

அப்படி ஒரு குரல் அவருக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. நாலு வடை என்று கேட்கிற குரல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது. பிறகு பேர்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு பேருக்கும் பின்னால் ஒரு வால்போல நாலைந்து சொற்கள், அடுத்த பேர், மறுபடியும் சொற்கள். மூச்சு வாங்காமல், தடுக்காமல், யாரையோ தெரு முனையில் பார்த்து அழைப்பது மாதிரிச் சொன்னார். ரத்தினம்மாள் தாழ்ந்த குரலில் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "இவரு அப்பா. செக்கச் செவந்த மாட்டுக்காரரு... அவரு அப்பா. ஒத்தக் கண்ணு... அவரு அப்பா. வெள்ளத்துல கன்னுக்குட்டியத் தோள்ல போட்டு நீந்துனவரு..."

எங்கேயாவது தப்புவார் என்று நான் ஒரு பேருக்கு ஒரு பாக்காகத் தட்டிலிருந்து எடுத்துப் பாயில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று ஆயிற்று. ஏழு ஆயிற்று. பதினொன்றோடு தட்டில் பாக்குத் தீர்ந்துவிட்டது. பேர் தீரவில்லை. அந்தச் சின்ன அறையில் ஆட்கள் வந்து நிறைந்துகொண்டிருப்பதாகவே தோன்றியது, நான் முழங்காலைக்கூட ஒடுக்கிக்கொண்டேன்.

கடைசிப் பேரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அவரே தமிழில் சொன்னார். "ந்த்லோவுன்னா யானை. எங்க வீட்டுல சொல்ற கதை இது. மழையில்லாத வருஷம். ஆறு பூரா மணல். ஒரு பொம்பள, இடுப்புல புள்ள. ஒரு யானை ஆத்து மணல்ல காலால தோண்டித் தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்கிது. இவ போயி பக்கத்துல நின்னா. ஓடத் தெம்பில்ல. யானை பாத்திச்சி. பாத்திட்டு, ரெண்டடி பின்னால போயி நின்னுக்கிச்சி. அவ குடிச்சா, புள்ளைக்குக் குடுத்தா. அந்தப் புள்ளைக்கு அதுதான் பேரு. அங்கேருந்து நாங்க எல்லாரும் அதுதான்."

யானைக்கு அவர் ஏன் எழுந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சொன்ன பிள்ளையார் நையாண்டி நினைவுக்கு வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இதை நீங்க வெளியில சொன்னதே இல்லையே" என்றான் சபாபதி.

"இருவது வருஷமா இந்த ஊர்ல யாரும் கேக்கலியே, தம்பி. உங்க அம்மாதான் கேட்டாங்க" என்றாள் ரத்தினம்மாள். குத்தலே இல்லாமல் சொன்னாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

சாமுவேல் உட்காரவில்லை. "உங்க பக்கம் சொல்லுங்க" என்றார். கேலிக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆசையாக நின்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "மாப்பிள்ளை, பொன்னுத்துரை மகன்" என்றான். அதோடு நின்றான். என் பக்கம் திரும்பினான். சபாபதியும் திரும்பினான். அவனுக்கு அப்பா பேருக்கு மேல் தெரியாது. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவர் காய்ச்சலில் போய்விட்டார். சாவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துத் தன் அப்பா பேர், தாத்தா பேர் இரண்டையும் சொல்லி, "பையனுக்குச் சொல்லிக் குடு" என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. புருஷன் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கம் கிடையாது. எல்லாவற்றுக்கும் வழக்கம் பார்க்கிறவள் நான். ஊரில் அவருடைய ஆட்கள் ஒருவரும் மிச்சமில்லை. உலகத்திலேயே அந்த இரண்டு பேரும் என் வாய்க்குள் மட்டும்தான் இருந்தன. அதை மூடி இருபது வருஷம்.

பேசாமல் இருந்தால் போதும். வழக்கம் எங்கள் பக்கமே தப்பிவிடும், நான் நினைத்தபடி தட்டோடு எழுந்து வந்துவிடலாம்.

எதிரே அந்த மனிதர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, வரப்போகிறவர்களுக்கு மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

"நல்லையா" என்றேன். என் மாமனார். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பொன்னுத்துரை அப்பா நல்லையா. நல்லையா அப்பா ரெங்கசாமி. கெணறு வெட்டுறவரு." கிணறு வெட்டினவர் என்பதும் என் புருஷன் அன்றைக்குச் சொன்னதுதான். அது என் ஞாபகத்தில் இருப்பதே அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

சபாபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. நல்லையா, ரெங்கசாமி. சின்னப் பிள்ளை பாடம் படிப்பது மாதிரி.

சாமுவேல் அந்த மூன்று பேரையும் வாங்கித் தன் ராகத்தில் உரக்கச் சொன்னார். பொன்னுத்துரை. நல்லையா. ரெங்கசாமி. என் புருஷன் பேரை ஓர் ஆண் குரல் அவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன்.

வெளியே சந்தில் மணிச் சத்தம் கேட்டது. மில் யானைகள் ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. நீலாம்பாள் எழுந்தாள், ரத்தினம்மாள் எழுந்தாள், சபாபதி எழுந்தான். நானும் பாயில் கையை ஊன்றி எழுந்தேன். ஈர முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னலை அடைத்துக்கொண்டு போயின. அறை இருட்டி வெளுத்து, இருட்டி வெளுத்தது. தட்டு இன்னும் மாற்றாமல் நடுவில் இருந்தது, பக்கத்தில் பதினொரு பாக்கு. அதைத் திருப்பிக் கொண்டுபோகும் எண்ணம் என்னிடம் இல்லை. கடைசி யானையும் போனபின் நான் வாசற்படிக்கு வந்து பார்த்தேன். சந்து நெடுகச் சேற்றில் சட்டி சட்டியாகக் கால் தடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது.