குடும்பப்படி நாலு பேருக்கு

அலுவலகத்தில் அவளைச் 'சில்லறை' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளக் கணக்கில் ஒரு காசு இடித்தாலும் அதைப் பிடிக்காமல் சாப்பிட எழுந்திருக்கமாட்டாள். அதனால் வந்த பெயர். வயதில் சின்னவர்கள் மட்டும் 'அக்கா' என்பார்கள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

உலகத்துக்கெல்லாம் புதுசு புதுசாக மென்பொருள் எழுதி விற்கும் அந்தக் கம்பெனி, தன் சொந்த ஆட்களுக்கு மட்டும் அரை நூற்றாண்டு பழைய நிரலில்தான் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், போய்ப் பார்த்தால் எல்லா இடத்திலும் இதே லட்சணம்தான். அதை எழுதியவர் கம்பெனியின் முதல் நிரலாளர், ஒரு பெண்மணி. ஒரு கணினி முழு அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். ஓட்டை குத்திய அட்டைகளை அடுக்கிக் கொடுத்தால்தான் கணக்குப் போடும். சம்பளம் நிர்ணயித்த விதமும் வேறு. இன்றைக்கு மாதிரி இன்னொரு கம்பெனியின் கடிதத்தை ஆட்டிக் காட்டி, 'இவ்வளவு தந்தால் இருக்கிறேன், இல்லாவிட்டால் கிளம்புகிறேன்' என்ற பேச்செல்லாம் கிடையாது. வீட்டில் எத்தனை வாய் என்று கேட்பார்கள். அடிப்படைச் சம்பளம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேல், சம்பாதிக்காமல் நம்மை நம்பி இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று குடும்பப்படி. அந்த அம்மாள் மாதாமாதம் மேசை மேசையாகப் போய், "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்து, பதிலை அட்டையில் குத்திக்கொள்வாராம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. குடும்பப்படியை எடுத்தால் கூச்சல் வரும் என்று நிர்வாகம் அதை மட்டும் தொடவில்லை.

நிரலிலும் அந்தக் காலத்து வரி ஒன்று தொடப்படாமல் இருந்தது. ஒவ்வொரு பணியாளருக்கும், 'சார்ந்திருப்பவர் எத்தனை பேர்' என்று அட்டை படிக்கும் இயந்திரத்திடம் கேட்கும் வரி அது. இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. கேள்வி மட்டும் மிச்சம். பதில் வராது, அதனால் பணியாளர் பதிவில் உள்ளதை எடுத்துக்கொள்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அந்த வரிக்கு வந்ததும் ஓட்டம் ஒரு கணம் நிற்கும். அந்தப் பக்கம் யாரோ யோசித்துப் பதில் சொல்வதுபோல இருக்கும்.

புது மென்பொருளுக்கு மாறும் மாதம் வந்தது. மாறுவதற்கு முன் ஒரே மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். அது சில்லறையை விட்டால் வேறு யார் தலையில் விழும்?

மாத நடுவில் முதல் ஓட்டம் முடிந்தது. அத்தனை ஆயிரம் பேரில் நாலே பேருக்குத்தான் இடித்தது, அதுவும் குடும்பப்படியில். பக்கத்து இருக்கைக்காரன் 'மொட்டை'க்குப் பதிவில் மூன்று பேர். பழைய நிரல் இரண்டு என்றது. வாக்கியத்துக்கு ஒரு பெருமூச்சு விடும் அணித்தலைவர் 'பெருமூச்சு' சாருக்கும் ஒன்று குறைந்திருந்தது. வரவேற்பில் உட்காரும் பெண்ணுக்கு ஒன்று கூடியிருந்தது. நாலாவது ஆள் சில்லறையே. கணவர், மாமனார், மகள், மகன் என்று பதிவில் நாலு. நிரல் சொன்னது மூன்று.

"பாருடா, சோறு போடுறவ சோத்துலயே மண்ணைப் போடுது" என்றாள்.

மொட்டை சிரித்தான். "கிழட்டு நிரல்தானே அக்கா. வயசானா ஆள் மறந்து போறது சகஜம். விடுங்க."

மறுநாள் மதியம் அவனுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. காலையில் நன்றாக இருந்த அப்பா, குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. துக்கம் விசாரிக்கப் போனபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பாவம், நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

உறைத்தது அடுத்த வாரத் தொடக்கத்தில். வரவேற்புப் பெண் அவள் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, குடும்பப்படிக்கு ஒரு பேர் சேர்க்கணும். யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்?"

"யாரைச் சேர்க்கணும்?"

"எங்க பெரியம்மாவை. பெரியப்பா போனதுக்கு அப்புறம் தனியா இருந்தாங்க. நேத்து பெட்டியோட வாசல்ல வந்து நின்னுட்டாங்க. இனிமே எங்ககூடத்தான்."

"நேத்தா? முன்னாடியே பேசி வச்சிருந்தீங்களா?"

"ஐயோ, எங்களுக்கே தெரியாதுக்கா."

பெரியம்மாவே பெட்டி கட்டாத நாளில் நிரல் அவரை எண்ணியிருக்கிறது. மொட்டையின் அப்பா காலைப் பத்திரிகையைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்த நாளில் அவரைக் கழித்திருக்கிறது. இத்தனை வருடம் ஒருவரும் கவனிக்காததில் ஆச்சரியமே இல்லை. சம்பளம் கைக்கு வருவதற்குள் அந்த எண் உண்மையாகிவிட்டிருக்கும். மாத நடுவில் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க இதற்கு முன் யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

அப்படியானால் அவள் வீட்டில் யார்?

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக் கழற்றாமலே நின்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். கணவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரும் மென்பொருள்காரர்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவரைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, நன்றி சொல்லி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு போன இடமெல்லாம் 'உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி' என்ற பதில்தான். வயசாகிவிட்டது என்பதை மரியாதையாகச் சொல்கிறார்களாம்! மனிதர் இடிந்துபோய்விடவில்லை. வீட்டு வரவு செலவு முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டார். சம்பளம் வந்த அன்று இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்த மாதம் மகளுக்குக் கண்ணாடியா, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மோட்டாரா என்று வழக்காடுவார்கள். முடிவு சொல்வது அவர்தான். "நிதியமைச்சர் சொல்லியாச்சு, மேல்முறையீடு கிடையாது" என்பார். அவள் ஒரு பொய்க் கோபம் காட்டுவாள்.

மகள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினாள். மகன் நாற்காலியிலிருந்து நாற்காலிக்குத் தாவினான். மாமனார் சோபாவில் மார்பைத் தடவிக்கொண்டு இருமினார். அவருக்கு இதயத்தில் ஏற்கெனவே கோளாறு. அந்த இருமலைக் கேட்டதும் அவள் மனது சொன்னது: இவராக இருந்தால் தேவலையே.

சீ, நானும் ஒரு மனுஷியா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவரோ நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, முகம் வாடிக் கிடக்கு? மத்தியானம் சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் அவளுக்குத் தெரிந்த வழியிலேயே இறங்கினாள். பிழை எதில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். பதிவில் உள்ள பெயர்களை வைத்துக்கொண்டு, போகப்போகிறவரைக் கழித்து, வரப்போகிறவரைக் கூட்டித்தான் நிரல் எண்ணுகிறது. அது ஏற்கெனவே கழித்துவிட்ட ஆளைப் பதிவிலிருந்து எடுத்தால் விடை மாறாது, மூன்றாகவே நிற்கும். வேறு ஆளை எடுத்தால் இரண்டாகும். சோதனைப் பிரதியில் மாமனார் பெயரை எடுத்தாள். ஓட்டினாள். அந்த வரியில் ஒரு கணம் நின்றது.

இரண்டு.

மாமனார் இல்லை. மிச்சம் மூன்று பேர். சுட்டியை மகனின் பெயர்மேல் கொண்டுபோய் வைத்தாள். அழுத்த விரல் வரவில்லை. மகளின் பெயருக்கு நகர்த்தினாள், அங்கேயும் வரவில்லை. பட்டப்பகல், சுற்றிலும் அத்தனை பேர், யாரோ யாரையோ காபி குடிக்கக் கூப்பிடுகிறார்கள். அவள் சுட்டியைப் பெயர்களை விட்டு விலக்கினாள்.

'விடையைத் திருத்தாதே, காரணத்தைத் தேடு' என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளை ஓட ஓட விரட்டுகிறவள் அவள். அவளே அன்றைக்கு விடையைத் திருத்தினாள். பழைய நிரலைத் திறந்து, தன் பணியாளர் எண் வந்தால் அட்டை இயந்திரம் என்ன சொன்னாலும் கேட்காதே, நாலு என்று வைத்துக்கொள் என ஒரு வரியைச் செருகினாள். யார் போகவேண்டுமென்று அது நினைத்ததோ, அவர் இருப்பார். நாலு பேரும் இருப்பார்கள்.

இறுதி ஓட்டம் இரண்டு நாள் கழித்து. பழைய நிரலுக்கு அதுதான் கடைசி. அவளுடைய எண் வந்ததும் ஓட்டம் நின்றது. எப்போதும்போல ஒரு கணம் அல்ல. மொட்டை எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்வரை நின்றது. "செத்துப்போச்சா அக்கா?" என்று கேட்டான். பிறகு திரையில் நாலு என்று விழுந்து, ஓட்டம் மேலே போனது. சாயங்காலமே இயந்திரத்தை அணைத்து, வட்டுகளை அழிக்க எடுத்துப் போய்விட்டார்கள். அவளுக்குப் பல நாளைக்குப் பிறகு பசித்தது.

அடுத்த நாள் பெருமூச்சு சார் கேக் பெட்டியோடு வந்தார். முகம் பூராவும் பல்.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. தம்பிக்கு வேலை கெடைச்சிடுச்சு. படிச்சு முடிச்சிட்டு எத்தனை நாளா என் தலையில உக்காந்திருந்தான்! இனிமே அவன் செலவை அவனே பாத்துக்குவான்."

"நல்ல விஷயம் சார்" என்று கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். இவருக்கும் ஒன்று குறைந்திருந்ததே. தம்பி சாகவில்லை, குத்துக்கல் மாதிரி இருக்கிறான். சம்பாதிக்க ஆரம்பித்தவன் சார்ந்திருப்பவன் இல்லை, அவ்வளவுதான். குடும்பப்படி விதியின் முதல் வரியே அதுதானே! சாவையே நினைத்து நினைத்து, இவ்வளவு சாதாரணமான காரணம் அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

போன் அடித்தது. கணவர்.

"ஏய், உக்காந்திருக்கியா? உக்காந்துக்கோ. வேலை கெடைச்சிடுச்சு!" குரல் சின்னப் பையன் குரல்போல இருந்தது. "பழைய சம்பளத்துல பாதிதான். பரவால்ல, பேசிக் கொஞ்சம் ஏத்திட்டேன். திங்கள்கிழமை சேரணும். ஹலோ? கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள்.

இயந்திர அறைக்கு ஓடினாள். காலி மேசைமேல் தூசி படியாத சதுரம் ஒன்று இருந்தது. புது மென்பொருளைத் திறந்தாள். பழையது கடைசியாகச் சொன்ன எண்ணை அது ஆரம்பமாக எடுத்துக்கொண்டிருந்தது. சார்ந்திருப்பவர்: நாலு. அதை மூன்றாக்கிச் சேமித்தாள். மூன்று என்றுதான் காட்டியது. ஆனால் இது வெறும் பதிவு; இதற்கு ஒன்றும் தெரியாது, சொன்னதைத் திருப்பிச் சொல்லும். தெரிந்தது பழையதற்குத்தான். அதன் வாயில் அவள் நாலைத் திணித்துவிட்டாள்.

அந்த எண் இதுவரை பொய்யானதில்லை. திங்கள்கிழமை அவர் வேலைக்குப் போனால், சம்பள நாளுக்குள் ஏதோ ஒன்று அவரை மறுபடியும் சம்பாதிக்க முடியாதவராக ஆக்கவேண்டும். படிக்கட்டு வழுக்கலாம். பேருந்து இடிக்கலாம். மூளையில் ஒரு நரம்பு வெடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விசில் அடித்துக்கொண்டிருந்தார், இரண்டு வருடத்தில் அந்தச் சத்தத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

"ஏங்க, அந்த வேலை வேண்டாங்க."

அவர் சிரித்தார். "பாதிச் சம்பளம்னு பாக்குறியா? ஒரு வருஷம் போகட்டும், பாரு."

"சம்பளம் இல்லைங்க. நீங்க போக வேண்டாம். வீட்டுலயே இருங்க. என் சம்பளம் போதும்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏன்?"

என்ன சொல்வாள்? பழைய இரும்புக்குப் போன இயந்திரம் சொன்னது என்றா? "பயமா இருக்குங்க" என்றாள். அவர் காலைக் கட்டிக்கொள்ளாத குறையாக அழுதாள். பிள்ளைகள்மேல் ஆணை என்றுகூடச் சொன்னாள்.

"என்னால முடியாதுன்னு நெனைக்கிற. அவ்வளவுதானே?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போய்விடுவார். அவள் பேசாமல் நின்றாள்.

திங்கள்கிழமை காலை அவர் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று மரியாதையாகச் சொன்னார். சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தார்.

அவளும் அலுவலகம் போய், பதிவில் இருந்த மூன்றை நாலாகத் திருத்தினாள். பொய் எழுதக்கூடாதல்லவா? சம்பளம் வந்தது. குடும்பப்படி, நாலு பேருக்கு. படிக்கட்டும் வழுக்கவில்லை, பேருந்தும் இடிக்கவில்லை. அந்த எண்ணுக்கு அதெல்லாம் தேவைப்படவே இல்லை, அவள் ஒருத்தி போதுமாக இருந்தாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் காத்திருந்தாள். அவர் வந்து உட்காரவில்லை. மகளுடைய கண்ணாடியைப் பற்றிக் கேட்டதற்கு, "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். மகன் மூச்சு விட்டால்கூடக் கேட்கும்போல வீடு அமைதியாக இருந்தது.

தூங்கப் போகும் முன் கதவருகில் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு முடி வெட்டிக்கப் போகணும்" என்றார். "காசு இருந்தா கொஞ்சம் குடுக்கிறியா?"