பங்குக்கு வந்த கடல்

பாகப்பிரிவினையில் என் மனைவி ஜெனோவாவுக்குக் கடல் வந்தது. வீடு மூத்த அண்ணன் கஸ்பாருக்கு, வள்ளம் இளைய அண்ணனுக்கு, நாலடிக் கடல் அவளுக்கு. அது கடலாக இருக்கும்வரை ஜெனோவாவுடையது, கெட்டுப்போனால் கஸ்பாரிடம் திரும்பிவிட வேண்டும் என்பது என் மாமனார் சொல்லிவிட்டுப் போன சொல்.

தூத்துக்குடியிலிருந்து அதைக் கேன்களில் நிரப்பி லாரியில் நாமக்கல்லுக்குக் கொண்டுவந்தோம். நான் கோழித்தீவனம் விற்பவன், எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிவி இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தோம். முதலில் பாறைகளை மட்டும் அடுக்கி, மீன் எதுவும் விடாமல் காத்திருந்தோம். வீடு முழுக்க நாறியது. கடல் முதலில் நாறும், அப்புறம்தான் கடலாகும் என்று ஜெனோவா சொன்னாள். நாற்றம் நின்றதும் நத்தைகளை விட்டாள். பிறகு ஒரு இறால். கடைசியாக, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பவளத்தை யாரும் வாங்கவில்லை, அது பாறையோடு ஒட்டி வந்தது. நீல விளக்கைப் போட்டால் மெல்ல விரிந்தது.

கடல் ஏற்றம் வரும்போது தண்ணீர் சோபாவின் கால்வரை வரும். வற்றும்போது தொட்டிக்குள் போய்விடும். செருப்பை மேல்தட்டில் வைக்கப் பழகிக்கொண்டோம்.

நாமக்கல் வெயிலுக்குத் தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். குறைவது நல்ல தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது. ஆகவே நல்ல தண்ணீரைத்தான் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். தினமும் காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் ஜெனோவா ஒரு சொம்பு ஊற்றுவாள். அந்த நேரத்தில் அவள் முகம் நன்றாக இருக்கும். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நாமக்கல்லை 'உங்க ஊரு' என்றுதான் சொல்வாள். வீட்டுக்குள் கடலே வந்த பிறகும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, வெளியே சொன்னதில்லை.

கரூரில் என் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனபோது கீழ்வீட்டுச் செங்கோடனிடம் சாவியைக் கொடுத்தோம். லாரிக்குப் பாடி கட்டுகிறவர். தங்கமான மனுஷர். தண்ணீர் குறைந்தால் ஊற்றிவிடுங்கள் என்று ஜெனோவா சொன்னாள். என்ன தண்ணீர் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பவளம் மூடிக்கிடந்தது. ஓரங்கள் வெளுத்திருந்தன. மீன்கள் கீழே இறங்க முடியாமல் மேலேயே நின்றன. ஏற்றம் நின்றுபோய், சோபாவின் கால்களில் உப்பு பூத்திருந்தது.

"டிரம்முல கல்லுப்பக் கரைச்சு, நாக்குல வெச்சுப் பாத்துத்தானுங்க அம்மிணி ஊத்துனேன்" என்றார் செங்கோடன். "கடலுக்குப் போயி சப்புனு பச்சத்தண்ணிய ஊத்துனா அது மரியாதைங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜெனோவா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்ட காலிலே படும் என்பார்கள். அன்று சாயங்காலமே கஸ்பார், கடலைப் பார்த்துப்போக வந்து சேர்ந்தார்.

வந்தவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். உப்பு ஏறிய கடலில் யாரும் மூழ்க முடியாது. மின்விசிறியைப் பார்த்தபடி மல்லாக்க மிதந்தார். புரண்டு பார்த்தார், குப்புற மிதந்தார்.

"ஏட்டி, இது கடலா? ஊறுகாப் பானைல்லா" என்றார்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "மாப்ள, தப்பா நினைக்காதீய. அப்பா சொன்ன சொல்லு. கொண்டல் விழுறவரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள சரியாவலன்னா எடுத்துட்டுப் போயிருவேன்."

கொண்டல் என்பது கிழக்கேயிருந்து வரும் கடற்காற்று. நாமக்கல்லில் அது வீசி நான் பார்த்ததில்லை. கஸ்பார் பால்கனியில் கிழக்கே பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுக்களையில் ஜெனோவா வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கடல எடுத்துட்டுப் போனா நானும் அதுகூடப் போயிருவேன்" என்றாள். "அது எனக்குப் பங்குன்னா நானும் அதுக்குப் பங்குதான."

அவள் சொன்னால் செய்வாள். கீழே போய்ச் செங்கோடனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தார்.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆவோணும்" என்று சொல்லிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றை வாங்கிவந்தார். ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றினால் பவளம் தாங்காது, சொட்டுச்சொட்டாகத்தான் விட வேண்டும் என்று ஜெனோவா சொல்லியிருந்தாள். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து எடுத்தோம். ஜன்னல் கம்பியில் நல்ல தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டு, குழாயைத் தொட்டிக்குள் விட்டோம்.

செங்கோடன் பட்டறைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் படுத்திருந்தால் எப்படி உட்கார்வோமோ அப்படி ஸ்டூல் போட்டுத் தொட்டியருகே உட்கார்ந்து சொட்டுகளைப் பார்த்தார். இறாலிடம் அன்றைய முட்டை விலையைச் சொன்னார். அவர் மனைவி ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜெனோவா அவ்வப்போது மிதவையைப் போட்டு உப்பை அளந்தாள். அவள் அளக்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். பால்கனியில் கஸ்பார் அடிக்கடி விரலை நனைத்துக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் விடிகாலையில் ஏற்றம் வந்தது. கூடத்தில் தரையில் படுத்திருந்த கஸ்பாரின் தலையணை நனைந்தது. விளக்கைப் போட்டோம். பவளம் விரிந்திருந்தது. செங்கோடன் ஸ்டூலிலிருந்து எழுந்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"தலவாணி நனைஞ்சா கடலாயிருமா?" என்றார் கஸ்பார். "ஒருத்தன் தொழிலுக்குப் போனாத்தான் அது கடலு. நீ புளியக் கரைச்சு வையி. மத்தியானத்துக்குள்ள மீனோட வாரேன்."

ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இந்தத் தடவை மிதக்கவில்லை. இடுப்பு, கழுத்து, தலை என்று இறங்கி, பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

மத்தியானம் வரவில்லை. புளி கரைத்தபடியே இருந்தது. சாயங்காலமும் வரவில்லை. செங்கோடன் தோள்வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பாறைதான் தட்டுப்பட்டது. ஜெனோவா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கடல் எனக்கு வேண்டாங்க" என்றாள். "எங்கண்ணன் வந்தாப் போதும்."

வழக்கமாக அணைக்கிற நேரத்தில் நீல விளக்கை அணைக்கவில்லை. வருகிறவருக்குக் கரை தெரிய வேண்டும்.

மறுநாள் காலையில் போன் வந்தது. மதுரையிலிருந்து கஸ்பார் பேசினார்.

"ஏட்டி, நீவாடு இழுத்துட்டுட்டி. ஒங்க பாறையத் தாண்டுனா நீரோட்டம் அந்தப் போக்குப் போவுது. இங்கன ஒரு பல் டாக்டர் ஆஸ்பத்திரில மீன் தொட்டி இருக்கு, அதுல கரையேறிட்டேன். வந்ததும் வந்தோம்னு ரொம்ப நாளா வலிச்ச கடவாப்பல்லையும் பிடுங்கிட்டேன்." வாயில் பஞ்சு இருந்ததால் கொஞ்சம் நிறுத்திப் பேசினார். "நல்ல கடலு. ஒனக்குள்ளதுதான். அப்பா சொல்லு தீந்துட்டு."

ஜெனோவா போனை வைத்துவிட்டுச் சத்தம்போட்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள், காப்பி போட்டாள். செங்கோடனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் தண்ணீர் சலசலத்தது. நாங்கள் அறியாத ஒருவர், தலையில் முண்டாசும் கையில் துடுப்புமாக, சோபாவுக்குப் பக்கத்தில் ஈரம் சொட்ட நின்றார். ராத்திரி முழுக்க நீல வெளிச்சத்தைப் பார்த்தே வந்ததாகச் சொன்னார்.

"தாயி, இது எந்த ஊருக் கரை?"

ஜெனோவா கொடியிலிருந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"எங்க ஊருதான்" என்றாள். "நாமக்கல்லு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் இன்னும் மூன்று வள்ளம் வருகிறது என்றார். செங்கோடனும் நானும் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, சோபாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுவரோரமாக நகர்த்தினோம்.